அறைக்கு எத்தனை பேர்? சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிகளில் 2020-இல் நடந்தது

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மகன் போனில் “ரூமுக்கு வந்துட்டேன்மா” என்றால், ஊரில் இருக்கும் அம்மாவின் மனசில் நாலு சுவரும் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் வரும். மகன் சொல்வதோ பன்னிரண்டு, பதினாறு, சில இடங்களில் இருபது பேர் படுக்கும் கூடத்தில் தனக்கு ஒதுக்கிய இரண்டடுக்குக் கட்டிலின் ஒரு தட்டு. 2020-இல் கோவிட் வந்தபோது அந்தக் கட்டில்களைச் சுற்றி நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதியிருக்கிறேன். அரசு அறிவிப்புகளிலும் செய்திகளிலும் பதிவானதை வைத்து எழுதியது. தனியாட்கள் பெயர் எதுவும் இல்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து தங்கவைத்து வேலை வாங்குகிறவர்கள் திருப்பூரிலும் இருக்கிறார்கள், ஒரகடத்திலும் இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இது.

பின்னணி

2020 தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஏறத்தாழ 3,23,000 வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் இருந்தார்கள். கட்டடம், கப்பல் பட்டறை, ஆலை வேலைக்கு வந்தவர்கள். இந்தியாவும் பங்களாதேஷும்தான் பெரும்பங்கு. நம் பக்கத்தில் சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர் என்று நீளும் ஊர்ப்பட்டியல் பலருக்கும் தெரிந்ததுதான்.

இவர்களில் சுமார் 2,00,000 பேர் இதற்கென்றே கட்டிய 43 பெரிய விடுதிகளில் இருந்தார்கள். இன்னொரு 95,000 பேர் ஆலைக் கட்டடத்தின் ஒரு பகுதியை மாற்றி அமைத்த சுமார் 1,200 சிறு விடுதிகளில். மிச்சம் பேர் கட்டுமான இடத்திலேயே போட்ட தற்காலிகக் குடியிருப்பு போன்ற இடங்களில்.

தங்க இடம் கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அவர் விடுதி நடத்துகிறவருக்குக் கட்டிலுக்கு இவ்வளவு என்று மாத வாடகை கட்டுவார். கணக்கு முழுக்கக் கட்டில் கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிற எல்லாமே இதிலிருந்துதான் கிளம்புகிறது.

பெரிய விடுதிகளுக்குத் தனிச் சட்டம் 2015-இல் நிறைவேறி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1,000 கட்டிலும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கு மட்டும் அது அப்போது பொருந்தியது. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம், தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையொட்டிக் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு கடை, உடற்பயிற்சிக் கூடம், கிரிக்கெட் ஆட இடம் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய விடுதிகள் வேகமாக வந்தன. ஊரை விட்டுத் தள்ளி, வேலி போட்டு, எல்லாம் ஒரே வளாகத்தில். நிர்வாகத்துக்கு அது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது.

அப்போதைய அளவு விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஆளுக்குக் குறைந்தது 4.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும். கேட்க மோசமில்லை. ஆனால் அந்த 4.5-க்குள் சமையலறை, கழிப்பறை, குளியலறை போன்ற பொது இடங்களின் பங்கும் அடக்கம். படுக்கும் அறைக்குள் ஆளுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பே அப்போது இல்லை. பதினைந்து பேருக்கு ஒரு கழிப்பறை. இன்னொரு விதியும் இருந்தது, அதை யாரும் அப்போது கவனித்ததாகத் தெரியவில்லை: ஆயிரம் பேருக்கு ஒரு நோயாளிக் கட்டில். 13,000 பேர் இருக்கும் விடுதியில் காய்ச்சல்காரர்களைத் தனியே படுக்க வைக்க 13 கட்டில் போதும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை

சிங்கப்பூரில் முதல் கோவிட் தொற்று ஜனவரி 23 அன்று உறுதியானது. பிப்ரவரி முதல் பாதியில், சிலேத்தார் பகுதியில் ஒரு கட்டுமான இடத்தில் வேலை பார்த்த பங்களாதேஷ் தொழிலாளி ஒருவருக்குத் தொற்று தெரிந்தது. தொடர்ந்து அதே இடத்தில் வேலை பார்த்த வேறு சிலருக்கும். அவர்களோடு பழகியவர்களைத் தேடித் தனிமைப்படுத்தினார்கள், அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்தது. அப்போது அது வெற்றியாகத்தான் தெரிந்தது. என் பார்வையில் அந்த வெற்றிதான் அடுத்த ஆறு வாரம் கண்ணை மறைத்தது.

அந்த வாரம் சில முதலாளிகள் பயந்துபோய், நன்றாக இருந்த ஆட்களையும் பரிசோதனைக்கு மருத்துவமனை அனுப்பினார்கள். மனிதவள அமைச்சு அப்படி அனுப்ப வேண்டாம் என்று அறிவுறுத்தியது. காரணம் நியாயமானதுதான்: மருத்துவமனைகள் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், அறிகுறி இல்லாதவர்களுக்குச் சான்று எழுதிக்கொண்டு உட்கார முடியாது. அறிகுறி இல்லாமலும் இது பரவும் என்பது அப்போது உறுதியாகவில்லை. ஆனால் விளைவு என்ன? அறிகுறி வந்தால்தான் பரிசோதனை என்ற வழி மட்டும் நின்றது. அறிகுறியைச் சொல்ல வேண்டியது தொழிலாளி.

அவர் சொல்வாரா? எம்.சி. போட்டால், அதாவது மருத்துவ விடுப்பு எடுத்தால், ஓவர்டைம் போகும். சில கம்பெனிகளில் அன்றைய கூலியிலேயே கை வைப்பார்கள். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டி போட்டுக்கொண்டிருக்கும். சளி, இருமல் என்றால் ஒரு பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு காலையில் லாரியில் ஏறுவதுதான் வழக்கம். தொழிலாளர் நல அமைப்பு ஒன்று மார்ச் மாதத்திலேயே நாளிதழுக்குக் கடிதம் எழுதி இதைச் சொன்னது: நெருக்கமான அறை, லாரிப் பயணம், விடுப்புக்குத் தண்டனை ஆகிய மூன்றும் சேர்ந்து ஆபத்தை உண்டாக்கும் என்று. கடிதம் அச்சில் வந்து சில நாளில், மார்ச் மாதக் கடைசியில், பொங்கோல் விடுதியில் நால்வருக்குத் தொற்று என்று அறிவிக்கப்பட்டது.

ஏப்ரல் 5: கதவை மூடும் முடிவு

ஒரே வாரத்தில் பொங்கோல் விடுதியில் 63 பேர், தோ குவான் விடுதியில் 28 பேர் என்று எண்ணிக்கை ஏறியது. ஏப்ரல் 5 அன்று இரண்டையும் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ்த் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அரசு அறிவித்தது. முதலாவதில் 13,000 பேர், இரண்டாவதில் 6,800 பேர். மொத்தம் 19,800 பேர் 14 நாள் வளாகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. சம்பளம் தொடரும், மூன்று வேளை சாப்பாடு வரும், முகக்கவசம், வெப்பமானி தருவோம் என்று சொல்லப்பட்டது.

முடிவுக்கான காரணம் விளங்குகிறது. விடுதிக்காரர்கள் தினமும் நூற்றுக்கணக்கான வேலை இடங்களுக்குப் போகிறவர்கள். கதவைத் திறந்து வைத்திருந்தால் தொற்று ஊர் முழுக்கப் போயிருக்கும். ஊரைக் காப்பாற்ற அந்த முடிவு தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். அதே நேரத்தில் அந்த 19,800 பேருக்கு அது என்ன முடிவு என்பதையும் எழுத வேண்டும். மேல்தட்டில் இருமுகிறவருக்கும் கீழ்த்தட்டில் படுத்திருப்பவருக்கும் நடுவில் ஒரு மெத்தைதான் இருக்கிறது. தனித்தனியாகப் பிரிக்காமல் ஒன்றாக உள்ளே வைத்தால், வெளியே இருப்பவர் தப்புவார். உள்ளே இருப்பவருக்குத் தொற்று வருவது நாள் கணக்கு மட்டுமே. பிரிக்க வேண்டும் என்றால் அறை வேண்டும். அறை இல்லை.

உள்ளே முதல் நாட்கள்

முதல் இரண்டு மூன்று நாள் குழப்பம்தான். தொழிலாளர்கள் எடுத்த படங்களும் செய்தியாளர்களிடம் சொன்னதும் வெளியே வந்தன: குப்பை அள்ள ஆள் வரவில்லை, கழிப்பறை நிரம்பி வழிகிறது, அறையில் கரப்பான்பூச்சி, சாப்பாட்டுக்கு முகக்கவசத்தோடு நெருக்கியடித்து வரிசை. துப்புரவு ஆட்களே தொற்றுப் பயத்தில் வரத் தயங்கினால், 13,000 பேர் பகல் முழுக்க உள்ளேயே இருக்கும் கட்டடம் என்ன ஆகும்? இந்த விடுதிகள் ராத்திரி வந்து படுத்துக் காலையில் கிளம்புகிறவர்களுக்காகக் கட்டியவை. எல்லாரும் ஒரே நேரத்தில், 24 மணி நேரமும் உள்ளே இருப்பார்கள் என்று குழாயோ கழிவுநீர்த் தொட்டியோ குப்பைத் தொட்டியோ கணக்குப் போட்டு வைக்கப்படவில்லை.

சாப்பாடு தனிப் பிரச்சினை. சாதாரண நாளில் பலர் பொதுச் சமையலறையில் தாங்களே ரசமோ குழம்போ வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் கேட்டரிங் சாப்பாடு. பொதுச் சமையலறை தொற்றுக்கு வழி என்பதால் மூடப்பட்டது. ஒரே இரவில் அத்தனை பேருக்கும் பொட்டலச் சாப்பாடு. சோறு ஆறிப்போய் வந்தது, நேரம் தவறி வந்தது, தமிழருக்கும் வங்காளிக்கும் சீனருக்கும் ஒரே ருசி ஒத்துவரவில்லை. அந்த மாதக் கடைசியில் ரமலான் நோன்பும் தொடங்கியதால் விடியற்காலைச் சாப்பாட்டுக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. இதைச் சின்ன விஷயமாக எண்ணுகிறவர்கள் பதினாறு பேர் அறையில் இரண்டு வாரம் பூட்டிக் கிடந்து பார்க்க வேண்டும். அடைபட்ட மனிதனுக்குச் சாப்பாட்டு நேரம்தான் கடிகாரம்.

ஏப்ரல் 7-க்குப் பின்

நாடு முழுக்கக் கட்டுப்பாடு தொடங்கிய ஏப்ரல் 7 வாக்கிலேயே, விடுதிகளுக்கென்று பல அமைச்சுகள் சேர்ந்த பணிக்குழு ஒன்று அமைந்தது. ராணுவம், போலீஸ், மனிதவள அமைச்சு ஆட்கள் கொண்ட சிறு குழுக்கள் ஒவ்வொரு பெரிய விடுதியிலும் போய் உட்கார்ந்தன. சாப்பாடு, குப்பை, வைஃபை, ஊருக்குப் பணம் அனுப்புவது என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். வளாகத்துக்குள்ளேயே மருத்துவ முகாம் வந்தது. தமிழும் வங்காளமும் தெரிந்தவர்களுக்கு அப்போது அவ்வளவு தேவை இருந்தது. நெஞ்சு அடைக்கிறது என்பதற்கும் நெஞ்சு எரிகிறது என்பதற்கும் வித்தியாசம் புரியாத மருத்துவர் என்ன செய்வார்? தொண்டர்கள் போன் வழியாக மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள்.

முக்கியமான முடிவு, ஆட்களைப் பிரித்தது. அத்தியாவசிய வேலை செய்கிற, தொற்று இல்லாத சுமார் 7,000 பேரை முதலில் வெளியே எடுத்தார்கள். ராணுவ முகாம், காலியாக இருந்த வீட்டுவசதிக் கழக அடுக்குமாடிகள், தஞ்சோங் பகாரில் நிறுத்திய மிதக்கும் விடுதிகள் என்று கிடைத்த இடமெல்லாம் இடமானது. எக்ஸ்போ கண்காட்சி அரங்கு லேசான நோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் இடமாக மாறியது. அதாவது, இடம் எங்குமே இல்லை என்பதில்லை. விடுதிக்குள் இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று. அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 16 பேர் மட்டுமே. கிட்டத்தட்ட மீதி எல்லாரும் விடுதித் தொழிலாளர்கள். தினசரி அறிக்கையே ‘சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை’ என்று இரண்டாகப் பிரிந்து வந்தது. தொற்றை விரட்டிப் பிடிக்க அந்தப் பிரிப்பு உதவியது, சரி. ஆனால் அதே ஊரில் வருஷக்கணக்கில் வீடும் ரயில் பாதையும் கட்டியவர்கள் சமூகம் என்ற சொல்லுக்கு வெளியே நின்றதை அங்கேயே பலர் சுட்டிக்காட்டினார்கள்.

தொற்று மிக அதிகமான விடுதிகளில் ஒரு கட்டத்தில் எல்லாரையும் பரிசோதிப்பதை நிறுத்திவிட்டு, அறிகுறி தெரிந்தவரை முடிவுக்குக் காத்திராமல் உடனே தனிமைப்படுத்தினார்கள். பரிசோதனைத் திறனைத் தொற்று குறைவான விடுதிகளுக்குத் திருப்பினார்கள். இந்த முடிவு நல்ல முடிவு என்றே படுகிறது. பாதிப் பேருக்கு வந்துவிட்ட இடத்தில் யாருக்கு வந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, இன்னும் வராத இடத்தைக் காப்பது மேல்.

கடைசிக் கணக்கு

விடுதிகள் தொற்று நீங்கியவை என்று ஆகஸ்ட் 11 வாக்கில் அறிவிக்கப்பட்டது. தனிமைப்படுத்தலுக்கு ஒதுக்கிய சில கட்டடங்கள் மட்டும் பாக்கி. டிசம்பர் நடுவில் முழுக் கணக்கு வந்தது. பரிசோதனையில் உறுதியானவர்கள் 54,505 பேர். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து, வந்துபோயிருக்கிறது என்று பின்னால் தெரிந்தவர்கள் 98,289 பேர். சேர்த்தால் விடுதிவாசிகளில் 47 சதவீதம், ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். இரண்டாவது எண் முதலாவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருப்பதற்கு எல்லாரையும் பரிசோதிப்பதை நிறுத்தியதாக மேலே சொன்ன முடிவு ஒரு காரணம், அறிகுறியே இல்லாமல் வந்துபோனது இன்னொன்று.

இறந்தவர்கள் மிகக் குறைவு. அந்த ஆண்டு முடிவில் விடுதித் தொழிலாளர்களில் இருவர். மருத்துவ கவனிப்புக்குப் பாராட்டு உண்டு, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இவர்கள் பெரும்பாலும் இளவயது, மருத்துவச் சோதனையில் தேறி வந்தவர்கள். இதே கட்டடத்தில் அறுபது வயதுக்காரர்கள் இருந்திருந்தால் எண் வேறாக இருந்திருக்கும். விடுதி பிழைத்ததற்கு அதன் அமைப்பைக் காரணம் காட்ட முடியாது.

பூட்டு திறந்த வேகம்

தொற்று போனபின் வேலைக்கு அனுப்புவது சீக்கிரம் நடந்தது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை பரிசோதனை, அப்புறம் லாரி ஏறி வேலை. ஆனால் வேலை தவிர வெளியே போவது? அதற்குத்தான் காலம் பிடித்தது. 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை, அதுவும் சில மணி நேரம் மட்டும், லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குப் போய்வரலாம் என்று சோதனையாகத் தொடங்கினார்கள். மூன்று லட்சம் பேரில் 500 பேர். ஊரில் மற்றவர்கள் கடைத்தெருவில் நடமாடத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே போக அனுமதிச் சீட்டு என்ற வழக்கம் பெரும்பாலும் நீங்கியது 2022 ஜூனில்தான், அப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேரும் இடங்களுக்கு மட்டும் சீட்டு தொடர்ந்தது. இந்த இரண்டு வருஷத்தில் மனநலம் பற்றிய கவலை பெரிதாகி, 2020 கடைசியிலேயே அதற்கென்று தனித் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

2021 அக்டோபரில் மேற்குப் பகுதி விடுதி ஒன்றில் தொழிலாளர்கள் திரண்டு வெளியே வந்து முறையிட்டார்கள். தொற்று உறுதியானவர்களை வெளியே கொண்டுபோகத் தாமதம், சாப்பாடு சரியில்லை என்பதுதான் புகார். போலீஸ் வந்து நின்றது. ஒன்றரை வருஷம் கழித்தும் அதே இரண்டு குறை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாறியதும் பாக்கியும்

2020 ஜூனிலேயே விரைவாகக் கட்டும் விடுதிகளுக்குப் புது அளவு சொன்னார்கள்: ஆளுக்கு 6 சதுர மீட்டர், அறைக்குப் பத்துப் பேர், ஒற்றைத் தட்டுக் கட்டில், ஐந்து பேருக்கு ஒரு கழிப்பறை. நோயாளிக் கட்டில் ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து பதினைந்தாக உயர்ந்தது. 2021 செப்டம்பரில் வந்த நிரந்தர விதி இதைவிடக் கொஞ்சம் இறங்கியது: அறைக்குப் பன்னிரண்டு பேர், பொது இடம் சேர்க்காமல் ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்கு நடுவே ஒரு மீட்டர், அறையோடு ஒட்டிய கழிப்பறை ஆறு பேருக்கு ஒன்று. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘பொது இடம் சேர்க்காமல்’ என்ற இரண்டு மூன்று சொல்தான். பழைய 4.5-ஐவிடப் புதிய 4.2 சின்ன எண், ஆனால் பெரிய இடம்.

கழிப்பறை அறையோடு ஒட்டி இருப்பதும் அப்படியே. ஓர் அறையை மட்டும் பூட்டலாம், தளம் முழுவதையும் பூட்ட வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் விடுதிச் சட்டம் ஏழு கட்டிலும் அதற்கு மேலும் உள்ள எல்லா விடுதிக்கும் பொருந்தும் என்று மாற்றினார்கள். ஆயிரத்திலிருந்து ஏழுக்கு.

பழைய கட்டடங்களுக்கு அவகாசம் உண்டு. 2030-க்குள் ஓர் இடைக்கால அளவு, ஆளுக்கு 3.6 சதுர மீட்டர்; முழு அளவு 2040-க்குள். இடித்துக் கட்ட வேண்டியிருக்கும், அதுவரை இருக்கிறவர்கள் எங்கே போவார்கள் என்பது நியாயமான கேள்விதான். இருந்தாலும் 2023-இல் இருபத்தைந்து வயதில் போய் இறங்கிய பையனுக்கு 2040-இல் நாற்பத்திரண்டு வயது.

திரும்ப இப்படி ஒன்று வந்தால் எதை மாற்றலாம்? என் கணக்கில் முதலாவது, நூற்றுக்கு ஓர் அறையாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஆள் கூடினாலும் அதை நிரப்பக் கூடாது. இரண்டாவது, காய்ச்சல் என்று சொல்கிறவருக்கு அன்றைய கூலி பிடிக்கக் கூடாது. இந்த இரண்டாவதுக்கு ஒரு செங்கல்கூடத் தேவையில்லை. 2020 பிப்ரவரியில் இது மட்டும் இருந்திருந்தால் விடுதிக்குள் தொற்று இருப்பது தெரிய மார்ச் மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது என்பது என் ஊகம். மூன்றாவது, ஆட்கள் 24 மணி நேரமும் உள்ளே இருந்தால் தண்ணீர், கழிவுநீர், குப்பை தாங்குமா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது கணக்குப் பார்ப்பது.

முதலாவதுதான் யாரும் செய்யத் தயங்குவது. 2023-இல் சிங்கப்பூரில் விடுதிக் கட்டிலுக்குத் தட்டுப்பாடு வந்து மாத வாடகை 400 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டியபோது, முதலாளிகள் தேடியது காலி அறையை இல்லை, இன்னொரு கட்டிலை.